பென்னலூர் அசையக் கூடாது

பென்னலூர்க் கிராமம் அசையாமல் இருக்க வேண்டும் என்ற ஆணை, தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஆடி மாதம் பிறந்த வாரத்தில் வந்தது. அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு ஜெபதாஸுக்கு விழுந்தது. அவன் அந்த ஊரிலேயே வாடகைக்குக் குடியிருந்தான். ஆகவே ஊர்க்காரர்கள் அவனை அடிக்க மாட்டார்கள் என்று நிறுவனம் கருதியது.

நிறுவனம் என்பது மீக்கடத்தி உயராய்வு நிறுவனம். ஊர் எல்லையில், முனியம்மாளின் கழனியை ஒட்டி மதில் எழுப்பிக்கொண்டு நின்றது. வேன்களில் வரும் குடுவைகளின் வாயிலிருந்து வெள்ளைப் புகை கசிவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் அதற்கு ஐஸ் கம்பெனி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜெபதாஸ் தெற்கே நாசரேத்துப் பக்கத்துப் பையன். இயற்பியல் படித்துவிட்டு அங்கே தற்காலிக ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். முனியம்மாள் வீட்டு முன்அறையில் குடியிருந்தான்.

அவனுடைய வேலை ஒரு கறுப்புப் படிகத்தைப் பார்ப்பது. பிஸ்மத்தும் செம்பும் ஆக்சிஜனும் இன்னும் சிலவும் சேர்ந்து, அப்பளக் கட்டுப்போல் அடுக்கடுக்காக இருக்கும் படிகம். அதை நன்றாகக் குளிர்வித்தால், அதன் செம்பு அடுக்குகளில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்துகொண்டு தடையே இல்லாமல் ஓடும்; அதுதான் மீக்கடத்தல். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கருவியில், நுனியில் ஒரே ஓர் அணு நிற்கும் அளவுக்குக் கூரான ஊசி இருந்தது. அந்த ஊசியைப் படிகத்தின் மேல் தொட்டும் தொடாமலும் நகர்த்தினால், எந்த இடத்தில் சோடிகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று தெரியும்.

ஜெபதாஸ் நகர்த்தினான். ஓரிடத்தில் சோடிகள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. சில அணுக்கள் தள்ளி, பிடி தளர்ந்திருந்தது. இன்னும் சில அணுக்கள் தள்ளி மறுபடி இறுக்கம். திரையில் அது வெளுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மறுபடி அளந்தான். அதே திட்டுகள், அதே இடத்தில். ஒரு நல்ல செய்தி சொல்லப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்குப் போனான்.

இயக்குநர் திருமலை படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யார் செய்தது இதை?"

"யாரும் செய்யலை சார். அதுவா அப்படி இருக்கு."

"படிகம் முழுவதும் எலக்ட்ரான்கள் ஒரே சீராக நடந்துகொள்கின்றன என்று டில்லிக்கு நான் போன வருடமே எழுதிவிட்டேன்."

"அளந்து பார்த்துட்டா சார்?"

திருமலை அவனைப் பரிவோடு பார்த்தார். "அளந்து பார்த்துவிட்டா எழுதுவார்கள்? எழுதினால்தான் தம்பி, அளப்பதற்குப் பணம் வரும்."

அது அந்நியச் செலாவணி வற்றிப்போயிருந்த ஆண்டு. எந்தெந்த நிறுவனத்தை மூடலாம் என்று பார்ப்பதற்கு டில்லியிலிருந்து ஓர் உயர்நிலைக் குழு கிளம்பியிருந்தது. ஆவணி பிறப்பதற்குள் பென்னலூருக்கு வந்துவிடும் என்று தந்தி வந்திருந்தது. இந்த நேரத்தில் எலக்ட்ரான்கள் இப்படிச் செய்திருக்கக் கூடாது என்பதுதான் அலுவலகம் முழுவதன் அபிப்பிராயம்.

மறுநாள் நிர்வாக அதிகாரி கோபால் ஒரு மெமோவோடு வந்தார். 'தங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட படிகத்தில் எலக்ட்ரான்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டமைக்கு உடனடியாக விளக்கம் தரவும்.'

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் கோபால். "எலக்ட்ரான் மேல நடவடிக்கை எடுக்க நமக்கு ரூல் இல்ல. உங்க மேல இருக்கு."

ஜெபதாஸ் விளக்கம் எழுதினான். அதைப் படிப்பதற்காகச் சீர்மைக் குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. குழு அதைப் படிக்காமலேயே, ஊசி ஆடுவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தது. ஊசி ஆடுவதற்குக் காரணம் அதிர்வு. அதிர்வுக்குக் காரணம் ஆட்கள்.

நிறுவனத்துக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். பிறகு மின்விசிறிகள் நிறுத்தப்பட்டன. கேண்டீனில் தோசைக் கரண்டி கல்லில் உரசுகிறது என்று தோசை நிறுத்தப்பட்டு, எல்லா வேளையும் இட்லியாயிற்று. இட்லிக்கு மாவு அரைக்கும் கிரைண்டரையும் நிறுத்தியபோது இட்லியும் நின்றது. வாட்ச்மேன் சல்யூட் அடிக்கும்போது காலைத் தரையில் அடிக்காமல், அடித்ததாகப் பாவித்துக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. தும்மல் வருகிறவர்கள் மதிலுக்கு வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார்கள். போகும் வழியிலேயே தும்மிய டைப்பிஸ்ட் சந்திரம்மாளுக்கு அரைநாள் விடுப்பு வெட்டப்பட்டது.

அத்தனைக்குப் பிறகும் திட்டுகள் அதே இடத்தில் இருந்தன. முன்னைவிடத் தெளிவாகவும் தெரிந்தன.

"அப்படியென்றால் அதிர்வு வெளியிலிருந்து வருகிறது," என்றார் திருமலை.

மண்ணூரில் தகடு அடிக்கும் பட்டறைக்குப் பகலில் பூட்டுப் போடப்பட்டது. பஸ் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றலாம், ஆனால் பம்பை அடிக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. கடைசியாகக் கிணற்று மோட்டார்கள். அந்த ஆணையைத்தான் ஜெபதாஸ் கையில் கொடுத்தார்கள்.

முனியம்மாளிடம் கடைசியாகப் போனான். புருஷன் இறந்தபின் தனியாளாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்த, நாற்பதைத் தாண்டிய பெண் அவள். வரப்பில் நின்று காகிதத்தை வாங்கிப் புரட்டினாள்.

"இன்னா தம்பி இது? படிச்சி சொல்லு."

"பகல்ல மோட்டார் போடக் கூடாதாம்க்கா."

"பகல்லதான்யா மூணு ஃபேஸ் கரண்டு வருது. கதிரு பால் புடிக்கிற நேரம். இப்போ தண்ணி கட்லனா அத்தினியும் பதரா பூடும். இன்னாத்துக்கு போடக் கூடாதாம்?"

"ஊசி ஆடுதாம்."

"எந்த ஊசி?"

"எங்க ஆபீஸ்ல ஒரு ஊசி இருக்குக்கா. அணுவுக்கு மேல நிக்கும்."

"அத்த எத்துகினு போயி வேற எங்கனா வெச்சிக்க சொல்லு." அவள் ஆணையை மடித்து அவன் சட்டைப் பையிலேயே செருகினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ சொல்லு தம்பி. நெசமா என் மோட்டாராலதான் உங்க வேலை கெட்டு போவுதா?"

ஜெபதாஸுக்குப் பதில் தெரியும். இல்லை. மோட்டார் ஓடினால் படத்தில் கோடு விழும். திட்டுகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆணையைக் கொடுக்க வந்த இடத்தில் அப்படிச் சொல்லலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மேல இருக்கவங்க சொல்லுதாங்கக்கா," என்றான்.

முனியம்மாள் கழனிக்குள் இறங்கிப் போய்விட்டாள். அன்று மாலை போலீஸ் ஜீப் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து நின்றாலே ஜீப் வந்துவிடும். யாரும் மோட்டார் போடவில்லை. அதன்பிறகு முனியம்மாள் ஜெபதாஸோடு பேசவில்லை. வாடகை அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டாள்.

அவன் தினமும் கழனியைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். முதலில் மண் வெளுத்தது. பிறகு வெடித்தது. தோகைகள் சுருண்டன. அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். உள்ளே போனால், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அமைதியில், திட்டுகள் கண்ணாடியில் பார்த்ததுபோலத் துல்லியமாக இருந்தன. அணு வரிசைகூட ஒன்றொன்றாகத் தெரிந்தது. வேறு சமயமாக இருந்தால் அவன் துள்ளிக் குதித்திருப்பான். இப்போது நோட்டில் தேதியை மட்டும் எழுதிவிட்டுத் திரையை அணைத்தான்.

டில்லிக் குழு வருவதற்கு முந்தைய நாள் திருமலை அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கும் படம் திட்டுத் திட்டாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். வரட்டும். தலைவர் ஏன் என்று கேட்பார். நீங்கள் 'கிராமம் சார்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்."

"ஆனா காரணம் கிராமம் இல்லையே சார்."

"கேளுங்கள்." திருமலை மேஜை மேலிருந்த வரைபடத்தை விரித்தார். பென்னலூரைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. வட்டத்துக்குள் முனியம்மாளின் கிணறும் வீடும் இருந்தன. "அதிர்வுத் தடுப்பு மண்டலம். கிராமத்தைக் கையகப்படுத்தப் பரிந்துரை தயாராக இருக்கிறது. கேஸ், கோர்ட், நஷ்டஈடு என்று எல்லாம் முடிந்து காலி செய்யப் பத்து வருடம் ஆகும். அந்தப் பத்து வருடமும் எலக்ட்ரானைப் பற்றி ஒருவரும் நம்மைக் கேட்க முடியாது. ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான நிலைமை கிடையாது. உங்கள் வேலையும் நிரந்தரமாகிவிடும்."

ஜெபதாஸ் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லலைன்னா சார்?" என்று கேட்டான். அப்படிக் கேட்டது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"தற்காலிக ஊழியர்தானே நீங்கள்," என்றார் திருமலை, மிகவும் மென்மையாக.

மறுநாள் காலையில் சென்னையிலிருந்து திரவ ஹீலியம் வந்தது. டாலர் இல்லாததால் இனி எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் வேன்காரர். ஜெபதாஸ் புதுப் படிகத்தின் மேல் அடுக்கை உரித்துக் கருவிக்குள் இறக்கி, ஹீலியத்தை ஊற்றினான். ஊசியை இறக்கிப் பார்த்து, ஓரிடத்தைத் தேர்ந்து ஒரு படம் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொண்டான். குழு சொன்ன நேரத்துக்கு வந்தால், அதே இடத்தை இன்னொரு முறை வரைந்து காட்ட ஹீலியம் போதும். தீர்ந்துவிட்டால் படிகம் சூடாகி, மேற்பரப்பு கெட்டுப்போய், எதையும் யாருக்கும் காட்ட முடியாது. அதன்பின் அறிக்கையில் இருப்பதுதான் உண்மை.

குழு சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்த பிறகு மாலை, சந்தனம், குத்துவிளக்கு. மேடையில் மைக் அதிரும் என்பதால் வரவேற்புரை கிசுகிசுப்பாக வழங்கப்பட்டது. கேட்காதவர்களுக்காக அது இரண்டாம் முறையும் கிசுகிசுக்கப்பட்டது. கைதட்டுவதற்குப் பதிலாக எல்லோரும் கைகளை விரித்துக் காட்டினார்கள். ஜெபதாஸ் கருவி அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஹீலியம் அளவு காட்டும் முள்ளையே பார்த்தான். முள் இறங்கிக்கொண்டிருந்தது.

குழுத் தலைவர் கண்ணப்பன் எழுந்தார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி.

"நான் சர்க்கரைக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன்," என்றார். "செம்மறி ஆடுகளுக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். ராக்கெட்டுக்கும் தாங்கியிருக்கிறேன். ஓரிடத்திலும் முடிவு எடுக்கும் தவறை நான் செய்ததில்லை. இந்தப் படிகம் சீரானது என்று டாக்டர் திருமலை எழுதியதை நம்பி, சீரானதுதான் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி அமைச்சரும் சபையில் படித்தார். ஆகவே இன்று நாம் காணப்போவது, ஏற்கெனவே பாராளுமன்றம் அறிந்த ஒரு உண்மை."

எல்லோரும் கைகளை விரித்துக் காட்டினார்கள்.

அவர்கள் கருவி அறைக்குள் வரும்போது முள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அறையில் விசிறி இல்லை. கோட்டுப் போட்டவர்கள் வெறுங்காலோடு வியர்த்து நின்றார்கள். ஜெபதாஸ் ஊசியை இறக்கினான். படம் மேலிருந்து வரிவரியாகத்தான் இறங்கும். முதல் வரிகளிலேயே திட்டுகள் தெரியத் தொடங்கின. கண்ணப்பனின் புருவம் உயர்ந்தது.

"இது சீராக இல்லையே."

திருமலை ஜெபதாஸைப் பார்த்தார்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் முனியம்மாளின் மோட்டார் ஓடத் தொடங்கியது.

அத்தனை நாள் அமைதிக்குப் பிறகு அந்தச் சத்தம் அறைக்குள்ளேயே கேட்பதுபோல் இருந்தது. திரையில் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழுந்தது. திருமலையின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா சார்! இதோ! இதுதான்! இந்தக் கிராமம்தான்!"

"நிறுத்தச் சொல்லுங்கள்," என்றார் கண்ணப்பன். கோபால் வெறுங்காலோடு வெளியே ஓடினார். வாசலில் நின்ற ஜீப் கிளம்பும் ஓசை கேட்டது. காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த சன்னல் வழியாகக் குரல்கள் வந்தன.

"அம்மா, மோட்டார ஆஃப் பண்ணு. மேல கை வெக்க வெக்காத."

"வெய்யி. வெச்சி பாரு. என் கெணறு, என் கழனி, என் பயிரு. ஐஸ் விக்கறவனுக்கு இன்னா வந்துச்சி?"

ஜெபதாஸின் கை குமிழ்மேல் இருந்தது. கை அசைந்தால் ஊசி படிகத்தில் குத்திவிடும். கையை எடுத்துத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டான். படம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கோடுகளுக்கு அடியில், வெளுப்பும் கறுப்புமாக, அவனுக்கு மனப்பாடமாகியிருந்த திட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன.

"சொல்லப்பா," என்றார் கண்ணப்பன். "நீதானே பார்க்கிறவன். இந்த ஒழுங்கீனத்துக்கு யார் காரணம்? கிராமமா?"

வெளியே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. முனியம்மாள் கத்தினாள். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இல்ல சார்," என்றான் ஜெபதாஸ்.

அவன் காலையில் அச்சிட்ட படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். "இது காலையில மோட்டார் ஓடாதப்ப எடுத்தது சார். இது இப்ப. கோடு மட்டுந்தான் மோட்டாரால. திட்டு அதே இடத்துல அப்படியே இருக்கு. ஊரைக் காலி பண்ணினாலும் இருக்கும். படிகமே அப்படித்தான் சார்."

"யாருடைய அனுமதியின் பேரில் அப்படி இருக்கிறது?" என்று கேட்டார் கண்ணப்பன்.

ஜெபதாஸ் காகிதத்தை அவர் கையில் கொடுத்தான்.

கண்ணப்பன் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கையெழுத்து, அமைச்சர், சபை எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்துபோயின. பிறகு மெல்லக் கேட்டார்.

"இந்தத் திட்டு படிகத்தில் ஒரு மூலையில் மட்டும் இருக்கிறதா, எல்லா இடத்திலுமா?"

"எல்லா இடத்துலயும் சார். எங்க பார்த்தாலும் இருக்கு."

"எல்லா இடத்திலும் ஒரே மாதிரி?"

"ஒரே மாதிரின்னா... எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஏறுக்குமாறா இருக்கு."

கண்ணப்பன் மூச்சை விட்டார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "எழுதிக்கொள்ளுங்கள் திருமலை. 'படிகம் சீராகச் சீரற்றிருக்கிறது.' சீராக என்பது முதலில் வரட்டும். அமைச்சர் படித்ததில் ஓர் எழுத்தும் தவறில்லை."

திருமலை ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் அவர் கண்கள் கலங்கிவிட்டன. "இதைத்தான் சார் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்," என்றார். குழு உறுப்பினர்கள் தங்களை மறந்து, சத்தமாகவே கைதட்டினார்கள். அந்த நேரத்தில் ஹீலியம் தீர்ந்து திரை இருண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

திட்டுகளுக்குக் கிராமம் காரணமில்லை என்று தலைவர் முன்னிலையில் பதிவாகிவிட்டதால், மண்டலத் திட்டம் கைவிடப்பட்டது. சிவப்பு வட்டம் போட்ட வரைபடத்தைக் கோபால் சுருட்டிப் பரண்மேல் போட்டார். நிறுவனம் மூடப்படவில்லை, சீரான சீரின்மையை ஆராய மேலும் ஒரு கட்டடம் ஒதுக்கப்பட்டது. திருமலைக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. கேண்டீனில் தோசை திரும்ப வந்தது. ஜெபதாஸுக்கும் ஒரு கடிதம் வந்தது. உயர்நிலைக் குழுவின் முன் அனுமதியின்றிப் பேசியதால் அவனுடைய தற்காலிகப் பணி நீட்டிக்கப்படவில்லை.

கடிதத்தைக் கொடுத்த கோபால் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உண்மையைச் சொன்னதுக்கு இல்ல ஜெபதாஸ். அதுக்கு ரூல் இல்ல. பேசினதுக்குத்தான்," என்றார்.

அவன் கருவி அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கழனி வழியாக நடந்தான். போலீஸ்காரர்கள் தள்ளிவிட்டதில் முனியம்மாளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அதில் மஞ்சள் பூசிக்கொண்டு, வரப்பில் குத்துக்காலிட்டு ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். பாதிக்குமேல் காற்றில் பறந்தது. அவன் அவளுக்கு எதிரே வந்து நின்றான்.

"பதராக்கா?"

"பாதி."

"அன்னைக்கு நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். மோட்டாரால ஒண்ணும் கெடலைன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றாள் முனியம்மாள். "மூஞ்சிலயே எழுதி இருந்துச்சி."

அவன் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலைப் பிடிப்பதற்கு முன் வாடகை அறையைக் காலி செய்ய வேண்டும், அதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான். அதற்குள் அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"வேலை பூட்ச்சாமே?"

"ஆமாக்கா."

"அப்போ நாளிக்கு சும்மாதான கீற? அறுப்பு கீது. பட்டறைய தொறந்துட்டான்னு ஆளுங்க அல்லாம் மண்ணூருக்கு பூட்டாங்க. விடிகாலைல வந்துடு."

"எனக்கு அறுக்கத் தெரியாதேக்கா."

"உனுக்கு இன்னாதான் தெரியும்?" என்றாள் முனியம்மாள். மறுநாள் அவன் கையில் அரிவாளைக் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு முறை காட்டினாள். உச்சி வெயிலுக்குள் அவன் அறுத்தது கால் வரிசை. அதிலும் பாதியை அவள் மறுபடி அறுக்க வேண்டியிருந்தது. கூலியை மட்டும் அவள் முழுசாகக் கொடுத்தாள்.